சுலோச்சனா பேரில் ஒரு வண்டி

தம்பி, தம்பி, அந்தச் சங்கிலியக் கீழ வைங்க. சித்தெ இருங்க. நான் ஒண்ணும் தகராறு பண்ற ஆள் இல்லீங்க, பயப்படாதீங்க. கேட்டுக்குக் குறுக்கால நிக்கற ஸ்கூட்டர் என்னுதுதான். எடுத்தர்றனுங்க. உங்க லாரி உள்ள வரட்டும், நான் மறிக்கலை. அதுக்கு முன்னால நான் சொல்றத ஒருக்காக் கேட்டுப்போட்டு, அப்புறம் நீங்க என்ன பண்ணோணுமோ பண்ணுங்க.

கரூருக்குத்தானே கொண்டு போறீங்க? வண்டி ஒடைக்கிற எடத்துக்கு? தெரியுமுங்க. அந்தக் கடுதாசிய மடிச்சு உள்ள வைங்க, நான் அதப் படிச்சாச்சு. இன்சூரன்ஸ்காரன் எனக்கும் ஒண்ணு அனுப்பியிருக்கான். பட்டறைக்காரர் ரங்கநாயகம் சாப்பிடப் போயிருக்காரு. அவரு வர்ற வரைக்கும் நீங்க சும்மாதானே நிக்கோணும்? நின்னுட்டே இருக்கறதுக்கு உக்காந்து ஒரு டீ குடிங்க. ஏம்மா, இங்க ரெண்டு டீ! தம்பிக்குச் சர்க்கரை தூக்கலா!

தார்ப்பாய எடுத்துப் பாத்தீங்களா வண்டிய? பாக்கலியா? அப்பப் பாருங்க. இந்தப் பக்கம் வாங்க, வலது பக்கம். என்ன கொறை சொல்லுங்க இதுல? ஒரு கீறல் இருக்குதா? ஒம்போது வருச வண்டின்னு யாராச்சும் சொல்லுவாங்களா? நான் தினமும் வந்து தொடைக்கறனுங்க. கடையச் சாத்திட்டு நேரா இங்கதான் வருவேன். இடது பக்கம்தான் போச்சு. அதுவும் முன்னால மட்டும். பாதி வண்டி நல்லா இருக்கறப்ப முழு வண்டியும் போச்சுன்னு எழுதிக் குடுக்கறாங்களே, இது எந்த ஊர் நியாயமுங்க?

என் பேரு தணிகாசலம். திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கு பட்டன், ஜிப், எலாஸ்டிக் சப்ளை பண்றேன். யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, தணிகாசலம் ஒரு பொருளை வாங்கறதுன்னா பத்து எடத்துல வெசாரிச்சுத்தான் வாங்குவான்னு. கண்ண மூடிட்டு ஒரு காரியமும் பண்ணமாட்டேன். அந்தக் கொணம்தான் இன்னிக்கு எனக்கு எமனா வந்துருச்சோ என்னமோ.

நடந்ததச் சொல்றேன். நானும் எங்கூட்டுக்காரியும் தாராபுரத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்துட்டிருக்கறோம். குண்டடம் தாண்டியாச்சு. பொழுது எறங்கற நேரம். ரோட்டோரம் ஒருத்தன் தேங்காய் மட்டை ஏத்துன டிராக்டர் டிரெய்லர நிறுத்திப்போட்டு எங்கியோ போயிட்டான். லைட்டு இல்லை, ஒண்ணும் இல்லை. அது அங்க நிக்குதுன்னு எவனுக்குத் தெரியும்? யாரா இருந்தாலும் இடிச்சிருப்பாங்க.

என்ன கேக்கறீங்க? போன் பேசுனனான்னா? பேசலீங்க. யாரு சொன்னது உங்களுக்கு? அடிச்சுது, யாருன்னு பாத்தேன். அவ்வளவுதான். பாக்கறது பேசறதாகுமா?

இடிச்சதுல எனக்கு ஒரு செராய்ப்பு இல்லை. இடது பக்கம்தான் பூராவும் வாங்கிருச்சு. சுலோச்சனா அந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தா. என்ற பொண்டாட்டி பேரு சுலோச்சனா. அப்புறம் அந்த வழியா வந்த பால் வண்டிக்காரங்க ரெண்டு பேரு நிறுத்தி, அவளைத் தூக்கி, பால் கேனெல்லாம் ஒதுக்கிப்போட்டுப் படுக்க வெச்சு, தாராபுரத்துக்கே திரும்பக் கொண்டு போனாங்க. நல்ல மனுசங்க. பேரு கூடக் கேட்டுக்கலை நான்.

நான் போகலீங்க. எப்பிடிப் போறது சொல்லுங்க? அந்த ரோட்டுல வண்டிய அனாதையா விட்டுப்போட்டுப் போனா, திரும்பி வர்றப்ப நாலு வீலும் இருக்குமா? பேட்டரி இருக்குமா? நீங்க இதே தொழில்ல இருக்கறவரு, உங்களுக்குத் தெரியாததா? அதும் போக, இன்சூரன்ஸ்காரனுக்குப் போன் போட்டேன். போட்டோ எடுக்காம வண்டிய நகத்தாதீங்கன்னுட்டான். சரி, ஒருத்தராச்சும் நிதானமா இருக்கோணுமல்ல? மச்சானுக்கு, அதான் அவ அண்ணன் தங்கமுத்துக்கு, போன் போட்டுச் சொல்லிப்போட்டேன். அவரு காங்கேயம். விழுந்தடிச்சு ஓடிட்டாரு. அப்புறம் எனக்கென்ன கவலை? நான் வண்டிகிட்ட நின்னேன்.

டீ ஆறுது, குடிங்க.

அடுத்த நாள்ல இருந்து ஒர்க்ஷாப் தேடற வேலை. இது சாதாரண வேலைன்னு நெனைக்காதீங்க தம்பி. இன்சூரன்ஸ் இருக்குது, காசு அவன் குடுப்பான், எங்க வேணும்னாலும் விடலாம்னு எல்லாரும் சொல்லிப்போடுவாங்க. தப்பான எடத்துல விட்டா வண்டி வண்டியாவே திரும்பி வராது. நான் கேக்காத ஆள் இல்லை. எங்க சங்கத்து வாட்ஸப்ல போட்டேன். சாயப்பட்டறைக்காரர் ஒருத்தரு மூணு கார் வெச்சிருக்காரு, அவரு ஊட்டுக்கே போயி உக்காந்து கேட்டேன். டாக்சி ஸ்டாண்டுல நின்னு டிரைவருங்களக் கேட்டேன்.

மொதல்ல கம்பெனி ஷோரூம். அவினாசி ரோட்டுல கண்ணாடியா மின்னுது. ஏசி, காப்பி மெசினு, டை கட்டுன பசங்க. ஒரு பையன் டார்ச்ச அடிச்சு அடியில பாத்துப்போட்டு, கதவு நிக்கற பில்லரே வளைஞ்சிருக்குதுங்க சார், பாடி உள்ள போயிருச்சு, டோட்டல் லாஸ்தான் எழுதோணும்னான். வண்டிய வெளிய எடுன்னு சொல்லிப்போட்டேன்.

ரெண்டாவது, இன்சூரன்ஸ்காரனே லிஸ்ட்ல குடுத்த ஒர்க்ஷாப், கோயமுத்தூர்ல. கையில இருந்து காசு கட்ட வேண்டாம், எல்லாத்தையும் அவங்களே பாத்துக்குவாங்க. இடது பக்கத்தை அப்பிடியே வெட்டி எடுத்துப்போட்டு வேற வெச்சு வெல்டிங்ல பத்த வெச்சுரலாம்னாங்க. சரின்னு சொல்றதுக்கு முன்னால நான் அங்க நின்ன இன்னொருத்தரு வண்டியப் போயிப் பாத்தேன். வேலை முடிஞ்சு டெலிவரிக்கு நின்ன வண்டி. கதவுக்கும் பில்லருக்கும் நடுவுல இருக்கற சந்துல வெரல உட்டுப் பாத்தேன். மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவு. பெயிண்டு வெயில்ல ஒரு மாதிரி, நெழல்ல ஒரு மாதிரி. எனக்கு அது ஆகாதுங்க. கதவு ஒரு நூல் தூக்கிட்டு நின்னாலும் என் கண்ணுல முள்ளு மாதிரி குத்தும். அந்த வண்டியில உக்காந்து போற ஒவ்வொரு நாளும் அந்த ஒரு நூல்தான் என் கண்ணுல படும்.

நல்ல நாள் பாத்துத்தான் இங்க கொண்டாந்தனுங்க. வளர்பிறையில, வெள்ளிக்கெழமை. அன்னிக்குத்தான் அவளுக்கு ரெண்டாவது ஆபரேசன். தாராபுரத்துல கால்ல வெச்ச கம்பி சரியா ஒக்காரலைன்னு மச்சான் காங்கேயத்துக்கு மாத்தி, அங்க மறுபடியும் தொறந்தாங்க. மச்சான் கூட இருந்தாரு, அவரு சம்சாரம் இருந்துச்சு. நான் போயி அங்க என்ன பண்ணப் போறேன்? டாக்டரா நானு? இங்கயாச்சும் நான் இருந்தா ஒரு வேலை ஆகும்.

ரங்கநாயகம் ஒண்ணுதான் சொன்னாரு. வளைஞ்சத இழுத்துரலாமுங்க, நாளாகும்னாரு. அந்த வார்த்தையக் கேட்டு நான் அழுதுட்டேன் தம்பி. நெசமா. இதே எடத்துல நின்னு அழுதேன். அத்தனை பேரும் போச்சு போச்சுங்கறான், ஒருத்தர் இழுத்துரலாம்ங்கறாரு. ஆனா இன்சூரன்ஸ் ஒத்துக்காம கைய வெக்க மாட்டேன்னாரு. ஒத்துக்காத வண்டிய இழுத்துப்போட்டு அப்புறம் நீங்க என்னையக் கை காட்டுவீங்கன்னாரு. சரி, அதும் நியாயம்தானே?

ஏன் இத்தனை பாடுன்னு நெனைக்கறீங்க. வேற வண்டி வாங்கிக்கலாமேன்னு தோணும். சொல்றேன். எங்களுக்குப் புள்ளைங்க இல்லை. நாங்க ரெண்டே பேருதான். இந்த வண்டியில நாங்க போகாத ஊரு இல்லை. பழனி, மருதமலை, ஒருக்கா ராமேஸ்வரம் வரைக்கும். அவ பேர்லதான் வாங்குனேன். ஆஸ்பத்திரியில இருந்து விட்டதும் அவ நேரா அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டா. இன்னும் அங்கதான் இருக்கா. ஊட்டுல நான் ஒத்தையா. காலைல எந்திரிச்சா அடுப்பு சில்லுனு இருக்குது. மெஸ்ல திங்கறேன். ராத்திரி கட்டல்ல அவ படுக்கற பக்கம் துணிய மடிச்சுக் குமிச்சு வெச்சிருக்கேன், வெறுசாக் கெடந்தா என்னால தூங்க முடியறதில்லை. கிறுக்குத்தனம்தான். சிரிக்காதீங்க.

நான் மனசுல ஒண்ணு வெச்சிருந்தனுங்க. வண்டி பழையபடி ஆயிருச்சுன்னா, தொடைச்சு, ஒரு மாலையப் போட்டு, நேரா காங்கேயத்துக்கு ஓட்டிட்டுப் போயி வாசல்ல நிறுத்தி ஆரன் அடிக்கோணும். அவ வெளிய வந்து பாக்கோணும். அடிபட்ட சுவடே தெரியக் கூடாது. பாத்தான்னா ஏறிக்குவா. ஊட்டுக்கு வந்துருவா. வண்டி பழையபடி ஆனா எல்லாமே பழையபடி ஆயிருமுங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை.

போன வாரம் காங்கேயம் போனேன். அதுக்கு முன்னாலயும் போயிருக்கேன், போகாம இல்லை. வாசல்ல நின்னு பாத்துப்போட்டு வந்துருவேன். போன வாரம் உள்ள போயி உக்காந்தேன். அவ வாக்கரப் புடிச்சுட்டு ரூமுல இருந்து வந்தா. கால் சித்தெ கட்டையாப் போச்சு. ஆனா நடக்கறா, நல்லாவே நடக்கறா. எதுத்தாப்புல உக்காந்தா. நான் போன்ல எல்லாத்தையும் எடுத்துக் காட்டுனேன். இது ஷோரூம்ல சொன்னது, இது கோயமுத்தூர்ல பாத்த கதவு, இது ரங்கநாயகம் பட்டறை, இது பெயிண்ட் கலரு, மூணு வெள்ளை இருக்குது, எது நம்ம வெள்ளைன்னு நீயே சொல்லுன்னேன். அவ எல்லாத்தையும் பாத்தா. ஒண்ணொண்ணாப் பாத்தா. எனக்கு நெம்பச் சந்தோசமாப் போச்சு.

பாத்து முடிச்சுப்போட்டு, "ஏனுங்க, காருக்கு எத்தனை ஒர்க்ஷாப்பு பாத்தீங்க?"ன்னா.

"உள்ள போயிப் பாத்தது மூணு. வெசாரிச்சது கணக்கே இல்லை"ன்னேன்.

"எனக்கு எத்தனை ஆஸ்பத்திரி பாத்தீங்க?"

இது என்ன கேள்வி தம்பி? ஆஸ்பத்திரி பாக்கறதுக்கு நேரம் எங்க இருந்துச்சு? பால் வண்டிக்காரன் எங்க கொண்டு போனானோ அதுதானே ஆஸ்பத்திரி? அதத்தான் சொன்னேன். "நல்ல ஆஸ்பத்திரிதானே, சுலோ. பெரிய கட்டடம்னு மச்சான் சொன்னாரே"ன்னேன்.

அவ சேலைய சித்தெ ஒதுக்கி, கால்ல தையல் போட்ட எடத்தக் காட்டப் போனா. நான் மூஞ்சியத் திருப்பிட்டேன். எனக்குக் காயம், ரத்தம் இதெல்லாம் பாத்தா மயக்கம் வரும். சின்ன வயசுல இருந்தே அப்பிடித்தான், அவளுக்கே தெரியும். அவ சேலைய எறக்கி விட்டுப்போட்டு உள்ள போயிட்டா.

மச்சான் வாசல் வரைக்கும் வந்தாரு. "மாப்பிள்ளை, இனி அந்த வண்டியப் பத்தி இங்க வந்து பேசாதீங்க"ன்னாரு. "பின்ன எதப் பத்திப் பேசறதுங்க மச்சான்?"னு கேட்டேன். என்னைய ஒரு மாதிரிப் பாத்தாரு. வலியில ஒருத்தர் இருக்கற ஊட்டுல அப்பிடித்தான் பேசுவாங்க, நாமதான் அனுசரிச்சுப் போகோணும்.

அப்புறம்தான் அந்த சர்வேயர் வந்தான். இன்சூரன்ஸ்ல இருந்து வண்டியப் பாக்க வர்ற ஆளு. இங்க வந்து சுத்திப் பாத்துப்போட்டு, "ரிப்பேரா, டோட்டல் லாஸானு ஓனர் சம்மதம் வேணுமே, ஓனர் யாரு?"ன்னான். நான்தான்னேன். "ஆர்சி புக்ல சுலோச்சனான்னு இருக்குதே"ன்னான். அது சும்மா பேருக்குங்க, என்ற பொண்டாட்டி, நான் சொன்னா அவ சொன்ன மாதிரின்னேன். அவன் சிரிச்சுட்டே போன எடுத்து அவளுக்கே அடிச்சான். இங்கியே, என் முன்னாலயே. ஸ்பீக்கர்ல போட்டான்.

"மேடம், உங்க வண்டிய ரிப்பேர் பண்ணித் தரச் சொல்லி உங்க வீட்டுக்காரர் கேக்கறாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

அவ கொரல் கேட்டு எத்தனையோ நாள் ஆன மாதிரி இருந்துச்சு. தெளிவாப் பேசுனா. "அத எடுத்துட்டுப் போயிருங்க சார். எங்க கையெழுத்துப் போடோணும்?"

அவ்வளவுதான் தம்பி. நான் அத்தனை எடம் அலைஞ்சது, வெசாரிச்சது, நாள் பாத்தது எல்லாத்துக்கும் ஒத்த வார்த்தை. நான் போன்கிட்டக் குனிஞ்சு, "சுலோ, நான் பேசறேன்"ன்னேன். வெச்சுட்டா.

அதனாலதான் உங்க கால்ல விழுகாத கொறையாக் கேக்கறேன். ஒரு வாரம். லாரி பழுதாயிருச்சுன்னு சொல்லிப்போட்டு இன்னிக்கு வெறும் லாரியோட போயிருங்க. லாரின்னா பழுதாகாதா? நான் அதுக்குள்ள அவகிட்டப் பேசிச் சரி பண்ணிர்றேன். எப்பிடின்னு கேக்காதீங்க, தெரியலை. இந்த வண்டி போயிருச்சுன்னா காங்கேயத்துக்குப் போறதுக்கு எனக்கு ஒரு சாக்கு இல்லை, புரியுதுங்களா? கையில ஒண்ணும் இல்லாம அவ முன்னால எப்பிடிப் போயி நிக்கறது?

முடியாதா? ஆமா, உங்க மேலயும் ஒரு மொதலாளி இருப்பான்.

சரி. சரிங்க. ரங்கநாயகமும் வந்துட்டாரு. என்னங்க, நீங்களும் தலையக் குனிஞ்சுக்கறீங்க? சரி, ஸ்கூட்டர எடுத்தர்றேன்.

தம்பி, ஒரே ஒரு காரியம். லாரிமேல இழுக்கறப்ப உள்ள உக்காந்து ஸ்டியரிங்க நீங்க புடிக்கோணுமல்ல? நானும் உக்காந்துக்கறேன். ஏத்துற வரைக்கும். மேல ஏறுனதும் எறங்கிர்றேன். பெரிய மனசு பண்ணுங்க. இத்தனை வருசம் ஓட்டுன வண்டி.

நீங்க வலது பக்கம்தான் உக்காரோணும், ஆமா. நான் அந்தப் பக்கம் போறேன். இருங்க, அந்தக் கதவு தொறக்காது, நசுங்கிப்போச்சு. நான் உங்க பக்கமா ஏறி, கியர் மேல தாண்டிப் போறேன். தள்ளிக்குங்க. ஆங். தாண்டிட்டேன். உக்காந்துட்டேன். இப்ப நீங்க ஏறுங்க.

இந்தப் பக்கம் நான் உக்காந்ததே இல்லைங்க. எப்பவும் நான்தானே ஓட்டுவேன்.

கால வெக்க எடமில்லையே. டேஷ்போர்டு முட்டி மேல வந்து நிக்குது. இப்பிடித் திருப்பிப் பாக்கறேன். அப்பவும் இல்லை. சுத்திச் சுத்தி வெளியில இருந்து எத்தனை தடவ பாத்திருக்கேன், இது இவ்வளவு உள்ள வந்திருக்கும்னு தெரியவே இல்லை. எம்பட காலே இங்க புடிக்கலை. அவ காலு இதுக்குள்ளதான் இருந்துச்சா? பால் வண்டி வர்ற வரைக்கும் இதுக்குள்ளயேவா இருந்தா?

நான் எறங்கிட்டேன் தம்பி. இடிச்சதும் எம்பட கதவத் தொறந்து நான் எறங்கிட்டேன். எறங்கித் திரும்பிப் பாத்தப்ப அவ கைய நீட்டுனா. இப்பிடி. எம்பட சீட்டுக்கு மேல இப்பிடி நீட்டுனா. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லலை. தண்ணி கேக்கறாளாட்ட இருக்குதுன்னு பாட்டில எடுத்து அந்தக் கையில குடுத்துப்போட்டு, நான் முன்னால போயிக் குனிஞ்சு ரேடியேட்டரப் பாத்தேன். ஒழுகுதான்னு பாத்தேன்.

தண்ணிக்கு இல்லீங்களே தம்பி அது.

எங்க எறங்கறீங்க? போகாதீங்க. இந்தக் கதவு தொறக்காது, நீங்க எறங்கிட்டா நான் இதுக்குள்ளயே கெடப்பேன். காலு வேற மாட்டிக்கிச்சு. எங்கயும் போகாதீங்க, அங்கியே நில்லுங்க. இல்ல, தண்ணியெல்லாம் வேண்டாமுங்க.

சித்தெ கையக் குடுங்க.